குர்காவ் வரை ஒரு மஞ்சள் வண்டி

எங்கள் அப்பாவிடம் ஒரு கார் இருந்தது. எழுபதுகளின் கடைசியில், டில்லி ஆர்.கே.புரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகளில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள் என் வகுப்பில் என்னையும் சேர்த்து இரண்டே பேர். ஆனாலும் நான் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்ததாக நினைவில்லை. அந்தக் காரைப் பார்த்தவர்கள் யாரும் அதற்காக என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இரண்டு கை மாறி எங்களிடம் வந்த வண்டி அது. ஆறிப்போன பாலின் நிறம். முன்பக்கம் கன்னம் உப்பி, எந்நேரமும் எதையோ மென்றுகொண்டிருப்பது போல இருக்கும். வலது பக்கக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும், இடது பக்கக் கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். ஹாரன் அடித்தால் ஜலதோஷம் பிடித்த மனிதர் யாரையோ கூப்பிடுவது போலக் கேட்கும். குளிர்காலக் காலைகளில் சாவிக்கு அது மசியாது. முன்னால் ஓர் இரும்பு ஹேண்டிலைச் செருகி, இரண்டு கையாலும் சுழற்றினால்தான் உறுமும். தணிக்கை அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்த அப்பா, கழுத்தில் மப்ளரும் தலையில் குரங்குத் தொப்பியுமாக அந்த ஹேண்டிலோடு மல்லுக்கட்டும் காட்சிதான் எங்கள் பிளாக்கில் பல வீடுகளுக்கு எழுப்பும் மணி.

ஆனால் அந்த வண்டி சுமக்காதது எதுவும் கிடையாது. கிருத்திகைதோறும் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போகும். எதிர்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி தன் மகளுக்குச் சீராகக் கொடுத்த கட்டில் அதன் தலையில் ஏறி லஜ்பத் நகர் வரை போனது. மாடி வீட்டுக்காரருக்கு ஒரு நாள் நெஞ்சு அடைத்தபோது, அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்து அப்பாதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றைக்குக்கூட அவர் வேகம் நாற்பதைத் தாண்டவில்லை என்று அந்த வீட்டு அம்மாள் ஒருமுறை நன்றியும் வருத்தமும் கலந்த குரலில் சொன்னாள். அப்பாவைப் பொறுத்தவரை நாற்பது என்பது ஊசி போய் நிற்க வேண்டிய இடம். வண்டி என்றால் போக வேண்டும், திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் என்பார். அதில் இரண்டாவதைத்தான் அவர் முக்கியமாக நினைத்தார்.

இந்தக் கொள்கைக்கு எங்கள் வீட்டில் ஓர் எதிர்க்கட்சி இருந்தது. அது என் மாமா. அம்மாவின் தம்பி. சாணக்யபுரியில் ஒரு சிறிய நாட்டின் தூதரகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தான். வேலை தற்காலிகம். முனிர்காவில் வாடகை அறை, சாப்பாடு பெரும்பாலும் எங்கள் வீட்டில். நல்ல உயரம். எங்கள் வாசலில் தலை இடிக்காமல் அவன் உள்ளே வந்த நாட்களைக் கணக்கெடுத்துவிடலாம். அப்பாவின் வண்டியை அவன் ‘அத்தானோட பஞ்சாயத்து யூனியன்’ என்பான். வண்டி என்றால் ஏறி உட்கார்ந்ததும் வயிற்றில் ஒரு பயம் வர வேண்டும் என்பது அவன் கட்சி. அப்பா சிரித்துக்கொண்டே, அந்தப் பயத்துக்கு டில்லி பஸ் போதும் என்பார்.

அப்படி இருக்கும்போதுதான், அந்த வருஷக் குளிரில், மாமா அந்த மஞ்சள் வண்டியோடு வந்து நின்றான்.

அவனுடைய தூதரகத்தில் ஓர் அதிகாரி மாற்றலாகிச் சொந்த நாட்டுக்குப் போய்விட்டார். அவருடைய வண்டிக்கு, டில்லி எல்லையைத் தாண்டி குர்காவில் ஒருவர் விலை பேசி முடித்திருந்தார். ஆனால் அனுமதிக் காகிதங்கள் வந்து சேர இரண்டு மாதம் ஆகும். அதுவரை வண்டியை வைத்துக்கொள், வாரம் ஒருமுறை ஓட்டு, இல்லாவிட்டால் இன்ஜின் இறுகிவிடும் என்று சாவியை மாமாவின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தூதரகத்திலேயே கார் ஓட்டத் தெரிந்த டைப்பிஸ்ட் அவன் ஒருவன்தான். வண்டியைப் பத்திரமாக ஒப்படைத்தால் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றும் சொல்லியிருந்தாராம்.

கடுகுப்பூ மஞ்சள். இரண்டே கதவு. எங்கள் வேப்பமரத்தடியில் அப்பாவின் வண்டிக்குப் பக்கத்தில் அது வந்து நின்றபோது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பக்கத்தில் சமையல்காரர் நிற்பது போல இருந்தது. மஞ்சள் வண்டி அவ்வளவு தாழ்வு. அதில் ஏறுவது என்பது கிடையாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. வேகம் காட்டும் மீட்டரில் இருநூற்று இருபது வரை எண்கள். நான் விரலால் தொட்டுத் தொட்டு அவற்றை எண்ணினேன். பின்னால் சீட் என்ற பெயரில் ஒரு சந்து. ஒரு மூட்டை அரிசிகூட வைக்க முடியாது என்று அப்பா ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். பிறகு குனிந்து அதன் வயிற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தார். சைலன்சரைப் பார்த்தார். நிமிர்ந்து, “நம்ம ரோட்டுக்கு ஆகாது” என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் செக்டரில் நான்கு வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் மாமா வண்டியை நிறுத்துவான். நான் இறங்கிக்கொள்வேன். அவன் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக மேலேற்றி இறக்குவான். அப்படியும் அடியில் ஒரு சுரண்டல் சத்தம் கேட்கும். மாமாவின் முகம் அப்போது பல் பிடுங்குகிறவனிடம் உட்கார்ந்திருப்பவன் போல ஆகும். நான் ஓடிப்போய் மறுபடியும் ஏறிக்கொள்வேன். இருநூற்று இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடிய வண்டியில் போன பெருமையை நான் பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். இறங்கி நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

தை பிறந்ததும் அப்பா ஷில்லாங்குக்குத் தணிக்கை வேலையாகப் போனார். ஆறு வாரம். போகிறபோது ஞாயிறுதோறும் தன் வண்டியையும் கொஞ்சம் ஓட்டச் சொல்லி மாமாவிடம் சாவியைக் கொடுத்தார். ஆக, இரண்டு வண்டிகளும் மாமாவின் பொறுப்பில் வந்தன.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாமா அப்பாவின் வண்டியைக் கிளப்பினான். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஏலே, சும்மா ஓட்டிட்டு வந்து நிப்பாட்டுததுக்குப் பதிலா எனக்குக் கத்துக்குடேன்.”

“அத்தானுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா வேண்டாம்னா சொல்லப் போறாக?”

சொல்ல மாட்டார்தான். அதற்கு முந்தைய வருஷம் அப்பாவே ஒருமுறை கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பாடம் மொத்தம் பத்து நிமிஷம் நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து மிதித்துக் களைத்துப்போய், உனக்கு எதற்கு இந்தக் கஷ்டம் என்று அன்பாகக் கேட்டார். அம்மா இறங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் செய்த உருளைக்கிழங்குக் கறியில் காரம் தாங்கவில்லை என்பது நினைவிருக்கிறது.

செக்டருக்குப் பின்னால் ராம்லீலா நடக்கும் பொட்டலில் அம்மா பழகினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு, கழுத்தை நீட்டி, ஸ்டியரிங்கை ஆட்டுரல் குழவியைப் பிடிப்பது போலப் பிடிப்பாள். மாமா கெட்டிக்கார வாத்தியார் இல்லை, ஆனால் கத்தாத வாத்தியார். மூன்றாவது வாரம் கற்றுக்கொள்பவர்களுக்கான லைசன்ஸும் எடுத்தாகிவிட்டது. ஒரு அட்டையில் சிவப்பு மையால் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்தை எழுதிக் கொடுத்தது நான். அப்பாவுக்கு அம்மா எழுதிய இன்லண்ட் கடிதங்களில் ‘கார் நன்றாக ஓடுகிறது’ என்ற வரி தவறாமல் இருந்தது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஐந்தாவது வாரம், ஒரு சனிக்கிழமை, காகிதங்கள் வந்துவிட்டன. மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் மஞ்சள் வண்டி குர்காவ் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்றும், அன்று மாலை விமானத்தில் தான் வெளிநாடு போவதாகவும், வண்டி வராவிட்டால் பேச்சு முறிந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றும் வாங்குகிறவர் தூதரகத்துக்குச் சொல்லியனுப்பியிருந்தார். மாமா உற்சாகத்தில் இருந்தான். ஞாயிறு காலை ஏழு மணிக்கே வந்து, கடைசியாக ஒருமுறை அத்தானின் வண்டியை எழுப்பிவிடுகிறேன் என்று ஹேண்டிலைச் செருகினான். நல்ல குளிர். மூன்று சுற்று சுற்றினான். நான்காவது சுற்றில் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தது. ஹேண்டில் திரும்பி வந்து அவன் வலது மணிக்கட்டில் அடித்தது. சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

எங்களை எங்கேயும் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திரும்பக் கூட்டிவந்த அந்தச் சாது வண்டி, ஒரு மனிதனின் எலும்பை உடைத்தது அன்று ஒருநாள்தான்.

டிஸ்பென்சரியில் மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பும்போது மணி ஒன்பதரை. மாமா மஞ்சள் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு நின்றான். வலியைவிடப் பயம்தான் அதிகம். டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து ஒரு சர்தார்ஜியைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். ஸ்டியரிங் தப்பான பக்கம் இருக்கிறது, கியர் தரையில் முளைத்திருக்கிறது, உடையவர் யாரோ, கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று தாடியை நீவிக்கொண்டே போய்விட்டார். பிளாக்கில் மற்றவர்களுக்கு ஸ்கூட்டர்தான் தெரியும்.

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் சுற்றிச் செருகினாள். பிறகு என்னைப் பார்த்து, “ஏட்டி, ஸ்வெட்டரப் போடு” என்றாள்.

“அக்கா, வெளையாடாத” என்றான் மாமா. “இது அத்தான் வண்டி இல்ல. தொட்டாலே பாயும்.”

“பாய்ஞ்சா பிடிச்சுக்கிடுதேன். சாவியக் குடு.”

பொட்டலில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். அப்பாவின் வண்டியில் இடது கையால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் போட்டுப் பழகியவள், இதில் வலது கையால் தரையிலிருக்கும் கியரைத் தேட வேண்டியிருந்தது. வலது கை, வலது கை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு தடவை வண்டி தவளை போலக் குதித்தது. மூன்றாவது தடவை வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் எழுதிய அட்டையைக் கயிறு போட்டு முன்னால் கட்டினோம். மாமா வலது பக்கத்தில் கட்டுக்கையோடு உட்கார்ந்தான். நான் பின்னால் அந்தச் சந்துக்குள்.

தௌலா குவான் ரவுண்டானாவுக்குள் நுழைந்தபோது நாலு பக்கமும் பஸ்கள். வண்டி நடுவில் நின்றுவிட்டது. பின்னால் ஹாரன்கள். போக்குவரத்துக் கான்ஸ்டபிள் ஒருவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே வேகமாக வந்தார். புடவை கட்டிய பெண், இடது பக்கத்து ஸ்டியரிங், தூதரக நம்பர் பிளேட், எல்லாவற்றையும் பார்த்ததும் வந்த வேகம் குறைந்து, பாதி சல்யூட்டாகக் கையைத் தூக்கினார். அப்புறம்தான் அந்த அட்டை கண்ணில் பட்டது. தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

“மேம் சாப், சீக் ரஹி ஹோ?” என்றார். கற்றுக்கொள்கிறீர்களா என்று.

அம்மாவின் இந்தி காய்கறிக்காரனோடு பேசி வளர்ந்த இந்தி. “ஹான் பையா, தோடா தோடா” என்றாள். ஆமாம், கொஞ்சம் கொஞ்சம் என்று, கால் கிலோ போதும் என்று சொல்வது போல.

கான்ஸ்டபிள் குனிந்து மாமாவைப் பார்த்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். இந்த வண்டியிலா அடிபட்டது என்று அவர் கேட்டதும் மாமா அவசரமாக, “நஹி ஜி, தூஸ்ரி காடி” என்றான். இல்லை, இது வேறொரு வண்டி செய்தது. கான்ஸ்டபிள் மாமாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தக் குடும்பத்தில் எத்தனை வண்டிகள், எத்தனை கைகள் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ, பஸ்களை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார்.

பாலம் விமான நிலையத்தைத் தாண்டியதும் சாலை குறுகியது. முன்னால் ஒரு லாரி, செங்கல் ஏற்றிக்கொண்டு, அப்பாவின் நாற்பதில் போனது. அதைத் தாண்ட வேண்டும். ஆனால் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்கு லாரியின் முதுகு மட்டும்தான் தெரியும். எதிரில் வண்டி வருகிறதா என்று வலது பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது மாமா.

“போ அக்கா, போ” என்றான். அம்மா அழுத்தினாள். வண்டி ஒரே மூச்சில் லாரியின் பக்கவாட்டுக்கு வந்தது. “வேண்டாம் வேண்டாம்” என்றான். அம்மா பின்வாங்கினாள். அரை மைல் தூரத்தில் ஒரு மாட்டுவண்டிதான் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது தடவையும் இதேதான். மூன்றாவது தடவை அவன் பக்கமிருந்து பதிலே இல்லை. நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். மாமா கண்ணை மூடியிருந்தான். உதடு மட்டும் முருகா, முருகா என்று அசைந்தது.

அம்மா வண்டியை ஓரம் கட்டினாள்.

“நீ பின்னால போ.”

“என் காலு கொள்ளாதுக்கா.”

“மடக்கி வச்சுக்கோ. ஏட்டி, நீ முன்னால வா.”

வயிற்றில் பயம் வர வேண்டும் என்று சொல்லித்திரிந்த மாமா, முழங்கால் தாடையில் இடிக்க அந்தச் சந்தில் மடங்கி உட்கார்ந்தான். நான் முன்சீட்டுக்கு வந்தேன். எனக்குப் பத்து வயது. அம்மா என் பக்கம் திரும்பி, சமையலறையில் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

“கண்ண எடுக்காமப் பாரு. எதுக்க ஒண்ணும் இல்லேன்னா ‘சரி’ன்னு சொல்லு. சந்தேகமா இருந்தா வாயத் தொறக்காத. நீ சொன்னாத்தான் நான் போவேன்.”

நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். குளிர்காற்று முகத்தில் அறைந்து கண்ணில் நீர் வந்தது. சாலை தெரிந்தது. ஒரு சைக்கிள் கடந்தது. ஒரு பஸ் கடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. பஸ் போன பிறகு சாலை காலியாக, நீளமாக, வானம் வரைக்கும் கிடந்தது.

“சரி” என்றேன்.

அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. லாரி எங்களுக்குப் பின்னால் எங்கோ போய்விட்டது. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் பேச்சை நம்பியிருக்கிறார்கள். அந்த மாதிரி யாரும் நம்பியதில்லை.

அடுத்து ஒரு டிராக்டர், ஒரு ஜீப், இன்னொரு லாரி. சரி, சரி, சரி. அதற்குப் பிறகு முன்னால் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் கடுகு வயல், எங்கள் வண்டியின் அதே நிறத்தில் பூத்துக் கிடந்தது. இன்னும் தாண்டுவதற்கு ஒன்றுமில்லையே, அம்மா வேகத்தைக் குறைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கியரை மாற்றினாள். வலது கை என்று சொல்லிக்கொள்ளவில்லை. வண்டியின் சத்தம் உறுமலிலிருந்து ரீங்காரத்துக்கு இறங்கியது. என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. நான் மீட்டரை எட்டிப் பார்த்து உரக்க வாசித்தேன். எண்பது. தொண்ணூறு. நூறு. பின்னால் மாமா, “அக்கா, போதும்க்கா” என்றான். நூற்றுப் பத்து. சாலை ஓரத்து மரங்கள் தனித்தனி மரங்களாக இல்லாமல் ஆகிவிட்டன.

நூற்று இருபது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. குழம்பில் உப்புப் பார்க்கும்போது நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு ஒரு கணம் அசையாமல் நிற்பாளே, அந்த முகம். அந்தக் கணம் மட்டும் இங்கே நீண்டுகொண்டே போயிற்று. தலைப்பு நழுவியதையும் பின்னல் அவிழ்ந்ததையும் அவள் கவனிக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் அவள் மறந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பயமாகவும் இருந்தது, நிறுத்திவிடக்கூடாது என்றும் இருந்தது.

பிறகு அவளாகவே காலை எடுத்தாள். எதிரில் எதுவும் வரவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. ஊசி மெல்ல மெல்ல இறங்கியது. அறுபதுக்கு வந்தபோது அம்மா, “பின்னால இருக்கியாலே?” என்று கேட்டாள்.

“இருக்கேன்” என்றான் மாமா. குரல் மட்டும் வந்தது.

குர்காவ் வீட்டுக்கு நூறு அடி முன்னால் மாமா வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்கி, அட்டையை அவிழ்த்துப் புதருக்குள் எறிந்தான். கற்றுக்கொள்கிற பெண்பிள்ளை ஓட்டி வந்தாள் என்று தெரிந்தால் அவர் வாங்க மாட்டார் என்றான். அம்மா தலையைக் கோதிக்கொண்டாள். பெரிய வாசல்கதவு, அதற்குள் ஒரு நாய், அதற்குள் வண்டியை வாங்கும் பணக்காரர். டிரைவர் இல்லையா என்று கேட்டார். டிரைவருக்கு அவசரம், வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று மாமா கூசாமல் சொன்னான். அவர் மாமாவுக்கு மட்டும் டீ வரவழைத்தார். எனக்கு ஒரு பிஸ்கட் கிடைத்தது. அம்மா புல்தரை ஓரத்தில் யாருடனோ துணைக்கு வந்தவள் போல நின்றாள். அவர் சாவியை வாங்கி, வண்டியில் ஏறித் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றினார். வண்டி இருமி இருமிப் போனது.

“ரெண்டாவது கியர் போடத் தெரியல” என்றாள் அம்மா, என் காதில் மட்டும்.

திரும்பி வரும்போது ஹரியானா பஸ். உட்கார இடம் மாமாவின் கட்டுக்கைக்கு மட்டும் கிடைத்தது. பாலக்கீரை மூட்டைகளுக்கும் ஒரு ஆட்டுக்குட்டிக்கும் நடுவில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்றது. சகுந்தலாவோ கமலாவோ யாரோ ஒருத்தி தவறவிட்ட செருப்புக்காக ஒரு தடவை பின்னோக்கியும் போனது. நான் அம்மாவின் புடவையைப் பிடித்திழுத்து, மறுபடியும் எப்போது அந்த மாதிரி போவோம் என்று கேட்டேன். வீட்டுக்குப் போனதும் இட்லிக்கு நனைக்க வேண்டும் என்றாள்.

மாமாவின் வேலை அந்த வருஷமே நிரந்தரமாயிற்று. அது பிற்பாடு.

அப்பா அடுத்த புதன்கிழமை ஊர் திரும்பினார். அன்று ராத்திரி சாப்பாட்டின்போதே அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கற்றுக்கொண்டதை, லைசன்ஸ் எடுத்ததை, மாமாவின் கையை, குர்காவ் வரைக்கும் தான்தான் ஓட்டிப்போனதை. வேகத்தை மட்டும் சொல்லவில்லை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். மோர் கேட்டார். கை கழுவிக்கொண்டு எழுந்து போனார். கோபத்தைச் சத்தமாகக் காட்டுகிற மனிதராக அவர் இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு வாளியைப் பிடிக்கச் சொன்னார். அம்மா நாலடி தள்ளி, கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அப்பா பானட்டைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

“எம்மா, நீ முன்சீட்லயா இருந்த?”

“ஆமாப்பா.”

“ஸ்டியரிங்கு ஆடிச்சா?”

“இல்லப்பா.”

“இந்த வண்டி அம்பதுலயே ஆடும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த மாதிரி வண்டி நூறுக்கு மேல போனா ஆடாதாம். ரோட்டோட ஒட்டிக்கிடுமாம். சத்தமே மாறிப் போகுமாம்” என்றார். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, கதை கேட்கும் பிள்ளை போல என்னைப் பார்த்தார். “மீட்டரப் பாத்தியா? எவ்வளவு போச்சு?”

கொடிப்பக்கம் அம்மாவின் கை நின்றது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இதுதான் அந்த விசாரணை. ஆடிச்சா, சத்தம் மாறிச்சா என்று வளைத்து வளைத்துக் கேட்டு, கடைசியில் இந்த இடத்துக்குத்தான் கொண்டுவருகிறார். தணிக்கை ஆபீசில் இப்படித்தான் கேட்பார்களாயிருக்கும். உண்மையைச் சொன்னால் அம்மா இனி ஜென்மத்துக்கும் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

“அறுபதுதான்ப்பா” என்றேன்.

“அறுபதா?”

“அறுபதுதான். அதுக்கு மேல அம்மா போகவே இல்ல.”

அப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகத்தில் அதுவரை இருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதை நான் தெளிவாகப் பார்த்தேன். கோபம்தான் இறங்குகிறது என்று நினைத்தேன். “அறுபது நல்ல வேகந்தான்” என்று சொல்லிவிட்டு, துணியை வாளியில் முக்கிப் பிழிந்து, பின்பக்கத்தைத் துடைக்கப் போனார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையிலிருந்த புடவையை உதறிக் கொடியில் போட்டு, சுருக்கமில்லாமல் நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன், அப்பாவின் கோபத்தையும் ஆற்றிவிட்டேன் என்ற நிறைவோடு அன்றைக்கு நான் இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அப்பா என்னிடம் கேட்டது என்ன என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.